பந்தியில் இன்னும் இரண்டு இலை: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கான்ஃபரன்ஸ் விரிவாக்கம்

கான்ஃபரன்ஸ் என்றதும் நமக்கு மாநாட்டுப் பந்தலும் மேடையும் மைக்கும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். சில பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, "ஆண்டுதோறும் நமக்குள் ஆடிக்கொள்வோம், டிவிக்காரர் தரும் பணத்தை ஒரே பெட்டியில் வாங்கிப் பங்குபோட்டுக்கொள்வோம்" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. அட்டவணை ஒன்று, பணப்பெட்டி ஒன்று. கோப்பை, கொடி, நடுவர் பட்டியல், ஒழுங்கு விதிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றி வளர்ந்தவை.

அதனால், "புதிதாக ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா" என்று கேட்டால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஏற்கெனவே இருப்பவர்களின் பங்கு கூடுமா? அட்டவணை தாங்குமா? பல நேரம் முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வரும். பெரிய கான்ஃபரன்ஸ்கள் முதல் பதிலை வைத்தே முடிவெடுத்து வந்திருக்கின்றன. இரண்டாவது பதிலை ஒத்திப்போட்டதன் பலன் இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

பெயரைப் பார்த்து எண்ணிக்கையையோ ஊரையோ ஊகிக்க வேண்டாம். 1896இல் தொடங்கிய பிக் டென் கான்ஃபரன்ஸில் இன்று 18 உறுப்பினர்கள். பிக் 12இல் 16. அட்லாண்டிக் கடற்கரையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஏசிசியில் பசிபிக் ஓரத்துக் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். டிவிப் பணத்தில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. கூடைப்பந்து இரண்டாவது. மற்ற விளையாட்டுகள் அந்தப் பணத்தில் பிழைப்பவை.

எங்கிருந்து வந்தது இந்த ஓட்டம்

1984 வரை கல்லூரி ஃபுட்பாலின் டிவி ஒப்பந்தம் முழுவதும் என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் கையில் இருந்தது. எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஓர் அணி எத்தனை முறை தோன்றலாம் என்றெல்லாம் அதுவே வரையறுத்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்த ஏகபோகத்தை முறித்தது. அதன்பின் தன் ஆட்டத்தைத் தானே விற்கலாம் என்றாயிற்று. தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை படியும். கான்ஃபரன்ஸ் வியாபார நிறுவனமாக மாறியது அப்போதுதான்.

அடுத்த தூண்டுதல் ஒரு சின்ன விதி. 12 உறுப்பினர்கள் இருந்து, அவர்களை இரு பிரிவாகப் பிரித்தால், பருவ முடிவில் கூடுதலாக ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம் நடத்தலாம் என்று என்சிஏஏ விதியில் இடம் இருந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்இசி கான்ஃபரன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது. ஆர்கன்சா, தெற்குக் கரோலினா இரண்டையும் சேர்த்து 10ஐ 12 ஆக்கி, 1992இல் முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்தைப் பர்மிங்ஹாமில் நடத்தியது. ஒரே ஓர் ஆட்டம். ஆனால் தனியாக விலைபோகும் ஆட்டம். மற்றவர்களும் 12ஐ நோக்கி நடந்தார்கள். 14, 16, 18 எல்லாம் பின்னால் வந்தவை. அவற்றுக்குப் பின்னால் விதி எதுவும் கிடையாது, வேறு கணக்கு.

பெட்டிக் கணக்கு

கணக்கு எளிதானது. கற்பனையாக ஒரு கான்ஃபரன்ஸ்: 10 உறுப்பினர்கள், ஆண்டுக்கு 30 கோடி டாலர் டிவிப் பணம், ஆளுக்கு 3 கோடி. பதினொன்றாவதாக ஒருவர் வருகிறார். அவர் வந்ததால் டிவி நிறுவனம் 2 கோடி கூட்டித் தருகிறது என்று வையுங்கள். மொத்தம் 32 கோடி. பதினொன்றால் வகுத்தால் ஆளுக்கு சுமார் 2.91 கோடி. பெட்டி கனத்தது, பங்கு மெலிந்தது. பழைய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 9 லட்சம் டாலர் நஷ்டம்.

அவரே 5 கோடி கொண்டுவருபவராக இருந்தால் 35ஐ பதினொன்றால் வகுக்க வேண்டும்: 3.18 கோடி. எல்லாருக்கும் 18 லட்சம் லாபம். அதாவது புதியவர் நல்ல அணியா, பழம்பெருமை உண்டா என்பதெல்லாம் அடுத்த பேச்சு. இப்போதைய சராசரிப் பங்கைவிட அதிகமாக அவர் கொண்டுவருகிறாரா என்பதே பந்தியில் இலை போடுவதற்கான அளவுகோல். கான்ஃபரன்ஸ் எவ்வளவு பணக்காரனோ அந்த அளவுகோலும் அவ்வளவு உயரம். பிக் டென் 2022 ஆகஸ்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் செய்த ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. அந்தப் பெட்டியின் சராசரியைத் தாண்டக்கூடிய பல்கலைக்கழகங்கள் நாடு முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 5 கோடிக்காரரும் 2 கோடிக்காரரும் கைகோத்து வந்தால் 37ஐ 12ஆல் வகுக்கிறோம்: 3.08 கோடி. லாபம் குறைந்தாலும் நஷ்டம் இல்லை. வலுவானவர் தோளில் ஏறி மெலிந்தவரும் உள்ளே வந்துவிடுவார். அழைப்புகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகப் போவதற்கு இது ஒரு காரணம். மற்ற காரணங்கள் அட்டவணையில் இருக்கின்றன, அவற்றுக்கு வருவோம்.

சராசரியை எட்டாதவரையும் சேர்க்க ஒரு வழி உண்டு: முழுப் பங்கு தராமல் சேர்ப்பது. மேலே சொன்ன 2 கோடிக்காரருக்குச் சில ஆண்டுகள் ஒன்றரைக் கோடி மட்டும் தந்தால், மிச்சம் 50 லட்சம் பழைய பத்துப் பேருக்குப் போகும். இதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். 2023இல் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் சேர முடிவெடுத்தபோது, பழையவர்களுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய பாதியான 3 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 10 லட்சம் கூட்டித் தரும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டன. ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் ஏசிசியில் முதல் ஏழு ஆண்டுகள் 30 சதவீதப் பங்குக்கு இசைந்தன. டல்லஸிலுள்ள எஸ்எம்யு அதையும் தாண்டியது. ஒன்பது ஆண்டுகளுக்கு டிவிப் பணத்தில் ஒரு காசும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தே உள்ளே வந்தது. பணக்கார முன்னாள் மாணவர்கள் இருந்ததால் அது முடிந்தது. சேர்ந்த ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் நன்கொடை திரட்டியதாக அறிவித்தார்கள். முதல் பருவத்திலேயே, நாட்டின் சாம்பியனை முடிவு செய்யும் தேசியப் பிளேஆஃபுக்கும் போனார்கள்.

எல்லாராலும் எஸ்எம்யு ஆக முடியாது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். முழுப் பங்கு வாங்குபவர் அதை டிவிப் பணத்திலிருந்து எடுத்துவைக்கலாம். 30 சதவீதப் பங்குக்காரர் எங்கே போவார்? சலுகை விலைக்குச் சேர்ந்தவர் மைதானத்தில் தோற்றுக்கொண்டே இருந்தால் கான்ஃபரன்ஸின் மதிப்பும் சேர்ந்தே இறங்கும். தள்ளுபடியில் ஆள் சேர்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது.

டிவி ஒப்பந்தத்தில் 'ப்ரோ ராட்டா' என்றொரு ஷரத்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால், தற்போதைய ஒருவருக்குரிய தொகையை அவருக்கும் டிவி நிறுவனம் தானாகவே கூட்டித் தர வேண்டும் என்பது அதன் பொருள். அது இருந்தால் பங்கு குறையாது. புதியவர் முழுப் பங்கு கேட்காவிட்டால் மீதி பழையவர்களுக்கு ஆதாயம். ஏசிசி கணக்கு இப்படித்தான் வேலை செய்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அடுத்த பேரத்தில் டிவிக்காரர் இதை மறக்கமாட்டார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

புதியவர் எவ்வளவு கொண்டுவருவார் என்று எப்படி அளக்கிறார்கள்? விடை பத்தாண்டில் தலைகீழாக மாறிவிட்டது. பிக் டென் 2007இல் சொந்தச் சேனல் தொடங்கியது. உறுப்பினர் இருக்கும் பகுதியில், ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஒவ்வொரு கேபிள் இணைப்பும் அந்தச் சேனலுக்கு மாதம் ஒரு தொகை கட்டியாக வேண்டும். உறுப்பினர் இல்லாத பகுதியில் அந்தத் தொகை மிகக் குறைவு. ஆகவே தேடியது அணியை அல்ல, வீடுகளை. 2014இல் ரட்கர்ஸும் மேரிலாந்தும் உள்ளே வந்தது அப்படித்தான்: ஒன்று நியூயார்க்கின் வாசலில், மற்றது வாஷிங்டன் நகரின் வாசலில். பிறகு மக்கள் கேபிளை வெட்டத் தொடங்கினார்கள். இப்போது பக்கத்தில் எத்தனை வீடுகள் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பேர் இந்த அணிக்காகவே டிவியைப் போடுவார்கள் என்று கேட்கிறார்கள். 2022இல் லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும், அடுத்த ஆண்டு ஓரிகனும் அழைக்கப்பட்டது அந்தக் கணக்கில். இன்றைய அளவுகோலில் ரட்கர்ஸுக்கு அழைப்பு போயிருக்குமா என்பது சந்தேகமே.

அட்டவணைதான் முதலில் உடையும்

ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான் ஆடும். வழக்கமான பருவத்தில் மொத்தம் 12 ஆட்டங்கள். அதில் எட்டோ ஒன்பதோ கான்ஃபரன்ஸுக்குள், மீதி வெளியே. இந்த எண் பெரிதாக அசையாது. உறுப்பினர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

10 பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒன்பது எதிராளிகள், ஒன்பது ஆட்டங்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆடிவிடுவார்கள். 45 ஜோடிகள், 45 ஆட்டங்கள். யார் முதலிடம் என்பதில் வாதத்துக்கு இடம் குறைவு. பிக் 12இல் 10 பேர் இருந்த ஆண்டுகளில் இப்படித்தான் நடந்தது. எட்டுப் பேர் கொண்ட ஐவி லீக் இன்றும் இப்படித்தான்: ஃபுட்பாலில் ஏழு ஆட்டங்கள், கூடைப்பந்தில் ஒவ்வொருவரோடும் இரண்டு முறை. 1950களில் அமைந்த அந்த எட்டு மாறவே இல்லை. டிவிப் பணத்தை நம்பி வாழாதவர்களுக்கு அட்டவணை எவ்வளவு சுத்தமாக அமைகிறது, பாருங்கள்.

18 பேர் இருந்தால் 153 ஜோடிகள். ஆளுக்கு ஒன்பது ஆட்டம் என்றால் நடப்பது 81. பாதியை ஒட்டி ஜோடிகள் அந்த ஆண்டு சந்திப்பதே இல்லை. 17 பேர், எட்டு ஆட்டம் என்றிருந்த ஏசிசியில் 136 ஜோடிகளுக்கு 68 ஆட்டங்கள்: சரியாகப் பாதி. அதை ஒன்பதாக உயர்த்தலாம் என்று முடிவெடுத்தபோது பள்ளிக்கூடக் கணக்கு குறுக்கே வந்தது. 17ஐ 9ஆல் பெருக்கினால் 153. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் வேண்டும். 153 இரண்டால் வகுபடாது. அதனால் ஆண்டுதோறும் ஓர் அணி மட்டும் எட்டு ஆட்டத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. ஒற்றைப்படை எண்ணில் உறுப்பினர் சேர்ப்பவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாரும் எல்லாரோடும் ஆடாதபோது புள்ளிப் பட்டியலுக்கு என்ன ஆகும்? 2024இல் பிக் 12இல் நான்கு அணிகள் 7-2 (ஏழு வெற்றி, இரண்டு தோல்வி) என்று சமமாக முடித்தன. 2025இல் ஏசிசியில் ஐந்து அணிகள் 6-2 என்று இரண்டாமிடத்தில் நின்றன. அந்த ஐந்தும் தமக்குள் முழுமையாக ஆடாததால், யாருடைய எதிராளிகள் அதிகம் வென்றார்கள் என்ற விதிவரை இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். மொத்தத்தில் 7 வெற்றி, 5 தோல்வி வைத்திருந்த டியூக் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குப் போனது. வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் வென்று கோப்பையையும் தூக்கியது. தேசியப் பிளேஆஃப் குழு டியூக்கை எடுக்கவில்லை. அதே ஐவரில் ஒன்றான, சாம்பியன்ஷிப் ஆட்டத்திலேயே இல்லாத மயாமியை எடுத்தது. தன் சாம்பியனைத் தானே நம்பவைக்க முடியாத நிலைக்கு ஒரு கான்ஃபரன்ஸ் வந்தது யாருடைய சூழ்ச்சியாலும் இல்லை. 17 பேர், எட்டு ஆட்டம், அவ்வளவுதான்.

இரு பிரிவாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். பிரித்தும் பார்த்தார்கள். எஸ்இசியில் 14 பேர் இருந்தபோது கிழக்கு, மேற்கு என்று ஏழேழு. பிரிவுக்குள் ஆறு ஆட்டம், எதிர்ப்பிரிவில் ஒரு நிரந்தர எதிராளி, சுழற்சியில் ஒருவர், ஆக எட்டு. சுழற்சிக்குக் கிடைத்தது ஒரே இடம். அதற்கு ஆறு பேர் வரிசையில். 2012இல் டெக்சஸ் ஏ&எம் எஸ்இசிக்கு வந்தது. அன்றிலிருந்து 2023 வரையான 12 பருவங்களில் அதுவும் ஜார்ஜியாவும் மோதியது ஒரே ஒரு முறை, 2019இல், ஜார்ஜியாவின் மைதானத்தில். ஒரே வீட்டில் 12 ஆண்டு இருந்தும் டெக்சஸ் ஏ&எம் ரசிகர்கள் தங்கள் ஊர் மைதானத்தில் ஜார்ஜியாவைப் பார்க்கவே இல்லை.

பிரிவுகள் கட்டாயம் என்ற விதி 2022இல் போயிற்று. இப்போது 16 பேர் கொண்ட எஸ்இசி 2026க்கு எடுத்த வழி ஓரளவு நேர்த்தியானது. ஒன்பது ஆட்டங்களில் மூன்று நிரந்தர எதிராளிகளுக்கு. மீதி ஆறு இடங்களில் மற்ற 12 பேர் மாறி மாறி வருவார்கள். இரண்டு ஆண்டில் எல்லாரையும் ஒரு முறை சந்தித்துவிடலாம். நான்கு ஆண்டில் எல்லா மைதானங்களுக்கும் போய்வந்துவிடலாம். நான்காண்டுப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் எல்லா அணிகளையும் சொந்த மைதானத்தில் பார்த்துவிடுவார் என்பது இதன் அழகு. 16க்கு மேல் போனால், மூன்று நிரந்தர எதிராளிகளை வைத்துக்கொண்டு ஒன்பது ஆட்டத்தில் இந்த அழகு வராது. எண்ணைப் பற்றி எங்களிடம் ஒரே வரியில் பதில் கேட்டால், ஃபுட்பாலுக்கு 10 சிறப்பு, 16 எல்லை, அதற்கு மேல் பெயருக்குத்தான் கான்ஃபரன்ஸ்.

விமானத்தில் யார் ஏறுகிறார்கள்

விரிவாக்கப் பேச்சில் எல்லாரும் ஃபுட்பால் அணியின் பயணத்தைக் கணக்கிடுவார்கள். அது சிரமமே இல்லை. ஆண்டுக்கு நான்கைந்து வெளியூர் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், வார இறுதியில், தனி விமானத்தில். வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் ஆடும் வாலிபால், சாஃப்ட்பால், கூடைப்பந்து அணிகளுக்குத்தான் வில்லங்கம்.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் சியாட்டிலின் வாஷிங்டனும் இப்போது ஒரே கான்ஃபரன்ஸ். வார நாளில் சியாட்டிலில் இரவு ஒன்பதுக்கு ஆட்டம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்து, சாப்பிட்டு, விமான நிலையம் போய் 11 மணிக்குக் கிளம்பினால் ஐந்து மணி நேரப் பறப்பு. கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடுவதால் நியூ ஜெர்சியில் இறங்கும்போது காலை ஏழு. ஒன்பது மணி வகுப்புக்குப் போக வேண்டிய மாணவர்கள் அந்த விமானத்தில் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபர்டுக்கும் பாஸ்டன் கல்லூரிக்கும் இடையே ஏறக்குறைய 4,300 கிலோமீட்டர்.

இதற்குக் கைகண்ட மருந்து ஜோடி. ஒரு முறை மேற்கே பறந்தால் வியாழக்கிழமை யுஎஸ்சி, சனிக்கிழமை யுசிஎல்ஏ. இரண்டும் லாஸ் ஏஞ்சலஸ்தான். ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் அப்படியே ஒரே விரிகுடாவின் இரு பக்கம். தூரத்திலிருந்து ஒற்றை ஆளாக ஒருவரைச் சேர்ப்பது எல்லா விளையாட்டுக்கும் தலைவலி. இரண்டு பேராகச் சேர்த்தால் பயணம் பாதியாகிறது.

பயணச் செலவைச் சேர்க்காமல் பங்குக் கணக்கு முடிவதில்லை. யுசிஎல்ஏ பிக் டென்னுக்குப் போனபோது இன்னொரு செலவும் ஒட்டிக்கொண்டது. அதுவும் பெர்க்லியும் ஒரே மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் பிள்ளைகள். ஒன்று போனதால் மற்றது நஷ்டப்பட்டது என்று அமைப்பின் ஆட்சிக்குழு கணக்கிட்டு, யுசிஎல்ஏ பெர்க்லிக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2024இல் முடிவு செய்தது. கலிஃபோர்னியாக்காரர்கள் இதை ஜீவனாம்சம் என்று கேலி செய்தார்கள்.

பழைய பகைகளின் கதையும் உண்டு. டெக்சஸோடு சேர்ந்து ஓக்லஹோமா எஸ்இசிக்குப் போனதும், நூற்றாண்டைத் தாண்டி நடந்துவந்த ஓக்லஹோமா - ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றது. அதே மாற்றத்தால் 2011இல் நின்றுபோயிருந்த டெக்சஸ் - டெக்சஸ் ஏ&எம் ஆட்டம் 2024இல் மீண்டது.

காகிதக் கயிறுகள்

ஒருவரை அழைப்பதற்கு முன் அவர் எதில் கட்டுண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். கயிறுகள் இரண்டு. ஒன்று விலகல் கட்டணம். மேரிலாந்து ஏசிசியை விட்டுக் கிளம்பியபோது 5.2 கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள், வழக்காடி 3.14 கோடியில் முடிந்தது. மற்றது இன்னும் இறுக்கமானது, கிராண்ட் ஆஃப் ரைட்ஸ். உறுப்பினர் தன் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை ஒரு குறிப்பிட்ட ஆண்டுவரை கான்ஃபரன்ஸுக்கே எழுதிக்கொடுத்துவிடுவது. அவர் வேறு வீட்டுக்குப் போனாலும் அந்த உரிமை பழைய வீட்டில் தங்கிவிடும். ஆட்டத்தை விற்க முடியாத ஓர் அணியைப் புது வீட்டில் யார் சேர்ப்பார்கள்? ஏசிசியின் கிராண்ட் 2036 வரை ஓடுவது. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரில் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் சமரசம். டிவி பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு மாறும் என்றும், வெளியேறும் விலை படிப்படியாக இறங்கி 2030-31இல் 7.5 கோடி டாலராகும் என்றும் முடிவானது. அடுத்த பெரிய நகர்வு 2030ஐ ஒட்டி வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் பேசுவது இதனால்தான்.

வழக்குப் பயத்தால், அழைப்பு எப்போதும் விண்ணப்பத்தின் வேடத்தில் வரும். 2021இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் செய்ததைப் பாருங்கள். ஜூலை 26 அன்று, ஒளிபரப்பு உரிமை ஒப்படைப்பை 2025க்குப் பின் நீட்டிக்கமாட்டோம் என்று பிக் 12க்குக் கடிதம். மறுநாள், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எஸ்இசிக்கு விண்ணப்பம். ஜூலை 29 அன்று எஸ்இசி வாக்கெடுப்பு, 14-0. நான்கு நாளில் கல்யாணம் முடிந்தது என்றால் பேச்சுவார்த்தை எப்போது நடந்திருக்கும் என்று கேட்கக் கூடாது. அதிகாரபூர்வமாக, யாரும் யாரையும் பிடுங்கவில்லை. கடைசியில் ஓராண்டு முன்னதாகவே கிளம்ப இருவரும் சேர்ந்து 10 கோடி டாலர் கட்டினார்கள்.

வாக்களிப்பவர்கள் பயிற்சியாளர்களோ ரசிகர்களோ அல்லர், பல்கலைக்கழகத் தலைவர்கள். பொதுவாக நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். எண்ணி முடிக்காமல் வாக்கெடுப்புக்கு வரவே மாட்டார்கள். 2023இல் ஸ்டான்ஃபர்ட், பெர்க்லி, எஸ்எம்யு மூன்றையும் சேர்க்க ஏசிசியில் 15க்கு 12 தேவை. 12-3 என்று மயிரிழையில் தேறியது. படிப்புத் தரமும் இந்த மேசையில்தான் பேசப்படும். பிக் டென்னில் நெப்ராஸ்கா தவிர அத்தனை பேரும் ஏஏயு என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகச் சங்கத்தில் இருக்கிறார்கள். நெப்ராஸ்காவும் அழைக்கப்பட்டபோது அதில் இருந்தது. 2011இல்தான் இடத்தை இழந்தது.

சேர்க்காமல் கெட்டவர்களும் சேர்த்துக் கெட்டவர்களும்

பிக் ஈஸ்ட் 1982இல் பென் ஸ்டேட்டை வேண்டாம் என்றது. ஒரு வாக்கு குறைந்தது. 1990இல் பிக் டென் அதைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் ஃபுட்பாலில் நிலையான இடம் கிடைக்காமல் அலைந்த பிக் ஈஸ்ட், 2013இல் பிளந்து, இன்று ஃபுட்பாலே இல்லாத கூடைப்பந்துக் கான்ஃபரன்ஸாக நன்றாக இருக்கிறது. பிக் 12 2016இல் 11 பேரை நேர்காணல் செய்துவிட்டு ஒருவரையும் எடுக்கவில்லை. 2021இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் கிளம்பியதும், அந்தப் பதினொருவரில் நான்கு பேரையே அவசரமாக அழைத்தது: பிஒய்யு, சின்சினாட்டி, ஹூஸ்டன், யுசிஎஃப்.

அதே 2021 ஆகஸ்டில், ஆட்டம் கண்டிருந்த பிக் 12இலிருந்து ஆள் எடுக்கும் வாய்ப்பு, யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் அப்போது இருந்த மேற்குக் கடற்கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12க்கு இருந்தது. எங்களுக்கு விரிவாக்கம் தேவையில்லை என்று அறிவித்தது. அடுத்த ஜூனில் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் போயின. பிக் 12 முந்திக்கொண்டு ஆறு ஆண்டுக்கு 228 கோடி டாலர், ஆளுக்குச் சராசரி 3.17 கோடி என்று டிவி ஒப்பந்தத்தை முடித்தது. பேக்-12 காத்திருந்தது. கடைசியில் மேசைக்கு வந்தது ஆப்பிளின் சந்தா அடிப்படையிலான திட்டம். சந்தாக்காரர் கூடினால்தான் பணம் கூடும். 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து உறுப்பினர்கள் வெளியேறினார்கள். செப்டம்பர் பிறந்ததும் மிச்சம் இருவர்.

இதைக் காட்டித்தான், விரியாவிட்டால் சாவோம் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். பயந்து விரிந்தவர்கள் கதையையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மேற்கு மாநிலங்களின் டபிள்யூஏசி கான்ஃபரன்ஸ் 1996இல் 10இலிருந்து 16க்குத் தாவியது. ஹவாயிலிருந்து ஓக்லஹோமாவின் டல்சா வரை பரப்பு. நான்கு நான்கு பேராக நான்கு கூறாகப் பிரித்து, கூறுகளைச் சுழற்றினார்கள். பழைய நண்பர்கள் வேறு கூறுகளில் விழுந்தார்கள், பயணச் செலவு ஏறியது, பங்கு ஏறவில்லை. 1998இல் ஐந்து தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் கூடிப் பேசினார்கள். எட்டுப் பேர் பிரிந்து மவுன்டன் வெஸ்ட் என்ற புதுக் கான்ஃபரன்ஸ் தொடங்கினார்கள். இன்னும் பின்னால் போனால், சதர்ன் கான்ஃபரன்ஸ் 23 பேர்வரை பெருத்தது. 1932இல் 13 பேர் பிரிந்து உண்டாக்கியதே எஸ்இசி. மறுபடி பெருத்தபோது 1953இல் ஏழு பேர் பிரிந்து உண்டாக்கியதே ஏசிசி. வீடு பெருத்தால் உள்ளே ஒரு சின்ன வீடு தானாக முளைக்கும். 18 பேர் கொண்ட இன்றைய பிக் டென்னுக்கும் இது பொருந்தாது என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை.

இடைவழியும் உண்டு. முழு உறுப்பினராக்காமல் ஒரு விளையாட்டுக்கு மட்டும் சேர்ப்பது. நோட்ர டேம் ஐஸ் ஹாக்கியில் மட்டும் பிக் டென். ஃபுட்பாலும் ஹாக்கியும் தவிர்த்து மற்றவற்றில் ஏசிசி. ஃபுட்பாலில் யாரோடும் சேராமல், ஆண்டுக்கு ஐந்து ஆட்டம் அளவில் ஏசிசி அணிகளோடு ஆடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லக்ராஸுக்கு மட்டும் பிக் டென். தேவை ஒரு விளையாட்டில் என்றால் முழு இலை போட வேண்டியதில்லை.

எந்தக் கணக்குக்கும் அடங்காத ஒரு நிலை உண்டு, குறைந்தபட்ச எண். உச்சநிலை ஃபுட்பால் கான்ஃபரன்ஸுக்கு எட்டு உறுப்பினர்கள் வேண்டும். குறைந்தால் இரண்டு ஆண்டு அவகாசம். பேக்-12இல் மிஞ்சிய ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 2024இல் ஆட்டம் பிடிப்பதற்காக மவுன்டன் வெஸ்டோடு ஒப்பந்தம் போட்டன. எங்கள் ஆளைப் பிடுங்கினால் அபராதம் என்று அதில் ஒரு ஷரத்து: முதல் ஆளுக்கு 1 கோடி டாலர், அடுத்தடுத்த ஆளுக்கு 5 லட்சம் கூட. அதே ஆண்டு செப்டம்பரில் பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகிய ஐந்தையும் அங்கிருந்தே எடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் அபராதம் 5.5 கோடி; இது செல்லாது என்று நீதிமன்றமும் போனார்கள். ஆக ஏழு. கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறக்கும் கன்சாகாவும் சேர்ந்தது. ஆனால் அங்கே ஃபுட்பால் அணி இல்லை. எட்டில் அது எண்ணப்படாது.

2026 ஜூலைக்குள் எட்டாவது இலைக்கு ஆள் வேண்டும். எட்டாமவர் சராசரியைவிட அதிகம் கொண்டுவருகிறாரா என்று அப்போது யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. 2025 ஜூன் 30 அன்று டெக்சஸ் ஸ்டேட்டின் ஆட்சிக்குழு கூடி ஒப்புதல் தந்தது. அவர்கள் இருந்த சன் பெல்ட் கான்ஃபரன்ஸின் விலகல் கட்டணம் அன்று நள்ளிரவுவரை 50 லட்சம் டாலர். விடிந்தால் ஒரு கோடி.